உருபை ஆளும் திணை



வேற்றுமை என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது பள்ளிக்கூடத்து அட்டவணைதான். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஒப்பித்தோம், தேர்வில் எழுதினோம், மறந்தோம். இன்னும் சிலர் எண்ணிக்கையில் இறங்குகிறார்கள். ஜெர்மனுக்கு 4, லத்தீனுக்கு 6, நமக்கு 8, பின்னிஷ் மொழிக்கு 15 என்று அடுக்கி, எண் கூடக்கூட மொழியும் வளமானது என்கிறார்கள். எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு வேற்றுமைக்குள் நடப்பது தெரியாமலே போய்விடும். தமிழில் எந்த உருபு வரும், எங்கே வந்தே தீரும், எங்கே வராமலும் இருக்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வதில் பெரும்பங்கு திணைக்கு உண்டு. அதைத்தான் இன்று இந்த அவையில் வாதிட வந்திருக்கிறேன்.

தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்தில் இயல்கள் 9. அவற்றில் வேற்றுமையியல், வேற்றுமை மயங்கியல், விளிமரபு என்று மூன்று இயல்கள் வேற்றுமைக்கே போகின்றன. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் ஒரு குற்றச்சாட்டை வைத்தார். வேற்றுமை எட்டு என்பது வடமொழியைப் பார்த்து வகுத்த கணக்கு என்றார். பெயருக்குப் பின்னால் ஒட்டும் சொல் ஒவ்வொன்றையும் தனி வேற்றுமையாகவே கொள்ளலாமே என்றும் கேட்டார். இதில் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 'கத்தியால் வெட்டினான்' என்பது கருவி. 'தம்பியோடு வந்தான்' என்பது உடனிகழ்ச்சி. உருபும் வேறு, பொருளும் வேறு. இருந்தும் நன்னூல் இரண்டையும் மூன்றாம் வேற்றுமைக்குள் வைக்கிறது. வடமொழியின் மூன்றாம் வேற்றுமை ஒரே வடிவில் இவ்விரண்டையும் சொல்லும்; அந்தச் சாயல் இங்கே தெரிகிறது. ஆனால் எட்டு அறை கொண்ட சட்டகத்தை மட்டும் பார்த்து, அறைக்குள் இருக்கும் விதிகளைப் படிக்காமல் விட்டால் கால்டுவெல் சொன்னதோடு பேச்சு முடிந்துவிடும். தொல்காப்பியர் ஆறாம் வேற்றுமையின் உருபு 'அது' என்கிறார். அடுத்த இயலிலேயே, உயர்திணைத் தொகையை விரிக்கும்போது அந்த உருபு கெட்டு அதன் இடத்தில் 'கு' வரும் என்றும் விதிக்கிறார். 'நம்பி மகன்' என்பதை விரித்தால் 'நம்பியது மகன்' ஆகாது, 'நம்பிக்கு மகன்' ஆகும். மகனையும் வீட்டையும் ஒரே உருபால் உடைமையாக்க இந்த இலக்கணம் இசையவில்லை. வடமொழியிலோ தேவதத்தனின் மகனுக்கும் தேவதத்தனின் வீட்டுக்கும் ஆறாம் வேற்றுமை வடிவம் ஒன்றேதான். இந்த விதியை அங்கிருந்து எடுத்திருக்க முடியாது.

அது பழங்கதை, இன்றைக்கு என்ன என்று கேட்கலாம். 'என்னிடம் ஒரு பேனா இருக்கிறது' என்கிறோம். 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்கிறோம். 'எனக்கு ஒரு வீடு இருக்கிறது' என்றும் சொல்கிறோமே என்று மறுப்பு வரும். வரட்டும். பொருளுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. உறவுக்கு ஒரு வழிதான். 'என்னிடம் ஒரு தம்பி இருக்கிறான்' என்று யாரும் உடன்பிறப்பைச் சொல்வதில்லை.

இரண்டாம் வேற்றுமையைப் பாருங்கள். 'முருகன் மரம் வெட்டினான்' என்பதில் ஐ இல்லாமலே பொருள் விளங்குகிறது, ஏனென்றால் மரம் வெட்டாது. 'முருகன் கந்தன் பார்த்தான்' என்றாலோ யார் யாரைப் பார்த்தார் என்று தெரியாமல் திகைக்கிறோம். செய்கிறவரும் செயலை ஏற்கிறவரும் மனிதராக இருக்கும்போது குழப்பம் எழ வாய்ப்பு அதிகம். அங்கேதான் ஐ கட்டாயமாகிறது. இதை நம் மொழிக்கு மட்டுமே உரிய பெருமையாக நான் சொல்லவில்லை. ஸ்பானிய மொழி, செயலை ஏற்பவர் மனிதரானால் முன்னால் ஓர் அடையாளச் சொல்லை வைக்கிறது. இந்தியில் 'கோ' இதே வேலையைச் செய்கிறது. ரஷ்ய மொழியின் ஆண்பால் பெயர்களில் உயிருள்ளவை செயப்படுபொருளானால் ஆறாம் வேற்றுமை வடிவத்தைக் கடன் வாங்குகின்றன. உயிரில்லாதவை எழுவாய் வடிவிலேயே நிற்கின்றன. தமிழோடு குடும்பத் தொடர்பில்லாத மொழிகளும் இதே தீர்வுக்கு வந்திருப்பது, இந்தத் தேவை மனிதப் பேச்சிலேயே ஊறியது என்பதற்குச் சான்று.

கூர்மையான மறுப்பு ஒன்றும் உண்டு. 'மரத்தை வெட்டினான்' என்றும் சொல்கிறோம். அதைவிட, 'பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள்', 'மாப்பிள்ளை தேடுகிறார்கள்' என்று உயர்திணைக்கே ஐ இல்லாமலும் சொல்கிறோம். அப்படியானால் திணைதான் ஆள்கிறது என்பது பொய்தானே? இல்லை. 'மரத்தை' என்றால் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்த ஒரு மரம் பெரும்பாலும் மனத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை தேடும் வீட்டில் மாப்பிள்ளை என்று ஓர் இடம்தான் இருக்கிறது, ஆள் இன்னும் வரவில்லை. ஆள் அமைந்த மறுநாளே 'மாப்பிள்ளையைப் பார்த்தோம்' என்று ஐ வந்துவிடும். ஆகவே திணையோடு, இன்னாரென்று சுட்டும் தன்மையும் சேர்ந்து உருபை ஆள்கிறது என்று என் கூற்றைத் திருத்திக்கொள்கிறேன், கைவிட மாட்டேன்.

கடைசியாக, பேச்சுத் தமிழில் வேற்றுமை சிதைந்துவிட்டது என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு பதில். ஏழாம் வேற்றுமையின் 'கண்' நம் பேச்சில் இல்லை, உண்மைதான். ஆனால் 'வீட்டுல இருக்கு' என்கிறவர் 'அம்மாகிட்ட இருக்கு' என்கிறார். 'அம்மாவுல இருக்கு' என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. நீங்கும் பொருளிலும் அதே கதைதான்: 'வீட்டுலேருந்து', 'அம்மாகிட்டேருந்து'. யாழ்ப்பாணத்தில் 'என்னட்டை' என்பார்கள். ஒலி வேறு, பகுப்பு ஒன்றே. உருபு தேய்ந்து புது உருபு வந்திருக்கிறது, கோடு அழியவில்லை. ஆனால் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இலக்கணத்தில் பூனை அஃறிணை. நாமோ 'பூனைகிட்ட பேசுறா' என்கிறோம். மக்களுக்கும் மற்றவற்றுக்கும் நடுவே இருந்த கோடு, உயிருள்ளவற்றுக்கும் உயிரில்லாதவற்றுக்கும் நடுவே போயிருக்கிறது. இது எல்லா வட்டாரத்திலும் ஒரே அளவில் நடந்ததா, ஆட்டுக்கும் மீனுக்கும் எறும்புக்கும் ஒன்றுபோலவா என்பதை ஊர் ஊராகப் பேச்சைப் பதிவு செய்துதான் காண முடியும். இங்கே அமர்ந்திருக்கும் தமிழ் மாணவர்கள் அந்த வேலையைத் தத்தம் ஊரிலிருந்தே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.