படிக்கட்டில் பூனை வாடை: என்ன செய்யலாம்?

மழை வந்தாலே அப்பார்ட்மென்ட் படிக்கட்டுல பூனை மூத்திர வாடை தூக்கலா அடிக்குதா? தண்ணி ஊத்திக் கழுவினாலும் யூரிக் அமிலப் படிகங்கள் தரையில ஒட்டிக்கிட்டே இருக்கும். ஈரம் பட்டதும் மறுபடி நாறும். என்சைம் கிளீனர் ஊத்தி, பாட்டில்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் ஊறவிடுங்க.

ரெண்டு விஷயம் வேண்டவே வேண்டாம். ஒண்ணு, ப்ளீச்சிங் பவுடர். மூத்திரத்துல இருக்கிற அம்மோனியாவோட சேர்ந்தா நச்சு வாயு வரும். நமக்கே மூச்சு முட்டும். இன்னொண்ணு, ஃபினாயில். காலில் பட்டதைப் பூனை நக்கும். ஃபீனாலை உடைச்சு வெளியேத்துற திறன் அதோட கல்லீரலுக்கு ரொம்பக் குறைவு. நாப்தலீன் உருண்டையும் அதுக்கு விஷம்தான்.

காட்டமான வாடை பெரும்பாலும் கருத்தடை செய்யாத கடுவனோடது. "இது என் ஏரியா"ன்னு சுவத்துல பீய்ச்சிட்டுப் போகும். விரட்டினா அந்த இடத்துக்கு வேற கடுவன் வரும். அசோசியேஷன்ல பணம் சேர்த்துக் கருத்தடை பண்ணுங்க. பெரும்பாலான கடுவன்கள் பீய்ச்சுறதை நிறுத்திடும். ஓரமா ஒரு தொட்டியில மணல் வைங்க, தினமும் அள்ளிடுங்க.

மீட்டிங்ல யாராவது "விஷம் வெச்சிடலாம்"னு ஆரம்பிச்சா சும்மா இருக்காதீங்க. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தெருப் பூனைக்கும் பொருந்தும். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்!