வம்சத்தைப் பார்த்து ஒரு தீர்ப்பு

 

1859-ஆம் ஆண்டு சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'இரு நகரங்களின் கதை' என்ற நாவலைப் பற்றிச் சில நிமிடங்கள் உங்களோடு பேச விரும்புகிறேன். பிரெஞ்சுப் புரட்சியின் கதை அது. கதைதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பாரிஸ் தெருவில் ஒரு பிரபுவின் குதிரை வண்டி ஏழைக் குழந்தையின் மீது ஏறிவிடுகிறது. பிரபு என்ன செய்தான் தெரியுமா? குழந்தையின் தகப்பனிடம் ஒரு தங்கக் காசை வீசிவிட்டு, தன் குதிரைகளுக்காகக் கவலைப்பட்டான்! இப்படிப்பட்ட நாட்டில் 1789 ஜூலை 14-இல் மக்கள் பாஸ்டில் சிறையைத் தாக்கிப் பிடித்ததில் என்ன வியப்பு?

அந்தச் சிறையில் விசாரணையே இல்லாமல் அடைக்கப்பட்டவர் டாக்டர் மேனெட். எவ்ரிமாண்ட் பிரபுக் குடும்பத்துச் சகோதரர்கள் செய்த கொடுமையை அரசுக்கு எழுதியதுதான் அவர் செய்த குற்றம். 18 ஆண்டுகள் சிறை! வேதனை தாளாமல், அந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசு வரை குற்றம் சாட்டி ஒரு கடிதம் எழுதி, சிறை அறையின் புகைபோக்கியில் மறைத்து வைத்தார்.

விடுதலையான பின் அவருடைய மகளை மணந்தவன் சார்லஸ் டார்னே. அதே குடும்பத்து வாரிசு. ஆனால் சொத்தை உதறிவிட்டு, இங்கிலாந்தில் பிரெஞ்சு மொழி கற்றுக்கொடுத்துப் பிழைத்தவன். சிறைப்பட்ட ஓர் ஊழியரைக் காப்பாற்ற 1792-இல் பிரான்சுக்கு வந்தான், பிடிபட்டான். மாமனாரின் பழைய கடிதமே மருமகனுக்கு எதிராக நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. தீர்ப்பு மரண தண்டனை! சிட்னி கார்ட்டன் என்பவன் தன் தலையைக் கொடுத்துத்தான் அவனைக் காப்பாற்ற முடிந்தது.

வணிகர்களே! இதே கதையில் மதுக்கடை நடத்தும் மேடம் டிபார்ஜ், தன் பின்னல் வேலையில் எதிரிகளின் பெயர்களைக் குறித்து வைக்கிறாள். அதுவும் ஒரு பேரேடுதான். அவளுடைய அக்காளையும் அண்ணனையும் பலிகொண்டது எவ்ரிமாண்ட் குடும்பம். அவளுக்கு வர வேண்டிய நீதி பாக்கி இருந்தது உண்மை. ஆனால் ஒருவன் வாங்கிய கடனை இன்னொருவன் பெயரில் நீங்கள் எழுதுவீர்களா? அவள் எழுதினாள். டார்னேயின் சின்னஞ்சிறு மகளையும் விடவில்லை.

இது வெறும் கற்பனையா? 1793 செப்டம்பர் 17-இல் வந்த சந்தேக நபர்கள் சட்டம், புரட்சியிடம் இடைவிடாது பற்றுக் காட்டாத பிரபுக்களின் உறவினர்களையும் கைது செய்யச் சொன்னது. 1794 ஜூன் 10-இல் வந்த சட்டம் வக்கீல் வைக்கும் உரிமையையே பறித்தது. அதற்குத் துணை நின்ற ரோபஸ்பியரின் தலையும் ஜூலை 28-இல் கில்லட்டினில் உருண்டது!

மேனெட்டை விசாரிக்காமல் அடைத்தது மன்னராட்சி. வாதாட விடாமல் தலையை வெட்டியது புரட்சி ஆட்சி. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

இளைஞர்களே! அநீதியை எதிர்த்து உரக்கக் குரல் கொடுங்கள். குற்றவாளியைச் சுட்டிக்காட்டுங்கள், அவனுடைய வம்சத்தை விட்டுவிடுங்கள். நாளை உங்கள் கைக்கு அதிகாரம் வரும்போது, எதிரியின் மகனுக்கும் ஒரு வக்கீல் வேண்டும் என்று முதலில் எழுந்து சொல்பவர் நீங்களாக இருங்கள்!