குறுக்கு விசாரணை: இல்லை

 

நான் ஜூனியராக இருந்தபோது, என் சீனியர் ஒரு கொலை வழக்கின் மேல்முறையீட்டுக் கட்டைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தண்டனை பெற்றவர் ஒரு கூலித் தொழிலாளி. ஆயுள் தண்டனை. அரிவாளால் வெட்டியதைக் கண்ணால் பார்த்ததாக ஒருவர் சாட்சி சொல்லியிருந்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கையிலோ ஒரு வெட்டுக்காயம்கூட இல்லை. எல்லாம் கன்றிய, நசுங்கிய காயங்கள். டாக்டரின் சாட்சியத்தைத் தேடி எடுத்தேன். முதல் விசாரணை இரண்டு பக்கம் ஓடியது. அதன் கீழே ஒரே வரி: "குறுக்கு விசாரணை: இல்லை." அந்தத் தொழிலாளிக்காக ஆஜரான வழக்கறிஞர் நேர்மையானவர், சொத்து வழக்குகளில் கெட்டிக்காரர். செஷன்ஸ் வழக்கு அவருக்குப் புதிது. உயர் நீதிமன்றம் டாக்டரைத் திரும்ப அழைத்து விசாரிக்க உத்தரவிட்டது. கடைசியில் அந்தத் தொழிலாளி விடுதலையானார். அதற்குள் அவருடைய மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

அன்றிலிருந்து இதை ஓயாமல் சொல்லி வருகிறேன்: குற்ற வழக்கு நடத்துவதற்குத் தனித் தேர்ச்சியும், அதற்கென ஒரு சான்றும் வேண்டும்.

அமெரிக்கத் தலைமை நீதிபதி வாரன் பர்கர் 1973இல் ஃபோர்டாம் சட்டக் கல்லூரியில் பேசும்போது, முக்கிய வழக்குகளை நடத்துபவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை அதற்குரிய தகுதி இல்லாதவர்கள் என்று மதிப்பிட்டார். வழக்கறிஞர்கள் பலர் கொதித்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டே டெக்சஸ் மாநிலத்தில் சிறப்புச் சான்று வாரியம் பிறந்தது. முதலில் சான்று வழங்கிய துறைகளில் குற்றவியல் சட்டமும் ஒன்று. ஐந்தாண்டுத் தொழில், நடத்திய வழக்குகளின் கணக்கு, சக வழக்கறிஞர்கள், நீதிபதிகளின் மதிப்பீடு, எழுத்துத் தேர்வு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு என்று எல்லாம் உண்டு. சான்று இல்லாதவர் வாதாட அங்கே தடையில்லை. யாரை நம்பித் தன் உயிரை ஒப்படைப்பது என்று தெரியாத குடும்பத்துக்கு அது ஒரு வழிகாட்டி.

நம் நாட்டில் அகில இந்திய பார் தேர்வில் தேறியவர் மறுநாளே கொலை வழக்கில் ஆஜராகலாம். அனோகிலால் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம், ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில், சட்ட உதவிக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் உள்ளவரையே நியமிக்க வேண்டும் என்றது. வழக்கைப் படித்துத் தயாராகப் பொதுவாக 7 நாளாவது தரவேண்டும் என்றது. நல்ல தொடக்கம். ஆனால் பத்தாண்டும் கறுப்பு அங்கி அணிந்தவர் எத்தனை சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார் என்று யார் பார்க்கிறார்கள்?

குறுக்கு விசாரணையைக் கற்க, நான் படித்த காலத்தில் வகுப்பு முடிந்ததும் செஷன்ஸ் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒரு டாக்டரிடம் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கவே கூடாது என்பதை அங்கேதான் கற்றேன்.

இன்று பட்டம் பெறும் செல்வங்களே, இங்கே அப்படி ஒரு வாரியம் வரும்வரை காத்திருக்காதீர்கள். தடய மருத்துவம் படியுங்கள். நல்ல சீனியரிடம் பொறுமையாக இருங்கள். தயாராகாத கொலை வழக்கை, எவ்வளவு ஃபீஸ் கொடுத்தாலும் ஏற்காதீர்கள். நாளை பார் கவுன்சிலில் பொறுப்புக்கு வரும்போது, இந்தச் சான்று முறையை நம் நாட்டுக்குக் கொண்டுவாருங்கள்.