பூட்டிய வீட்டின் காவல்

இங்கிலாந்தின் வடபால், யோர்க்ஷயர் மலைப்புறத்திலே ஹவோர்த் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே தேவாலயத்தின் அருகே கல்லாற் கட்டிய குருமனை ஒன்று நிற்கிறது. 1820ஆம் ஆண்டிலே பற்றிக் பிரொன்டே என்னும் குருவானவர் தம் குடும்பத்துடன் அங்கே குடிபுகுந்தார். அவருடைய புதல்வியரான சார்லொட், எமிலி, ஆன் என்னும் மூவரும் இரவு வேளைகளில் உணவறை மேசையைச் சுற்றி நடந்தவாறே தாம் எழுதும் கதைகளைப் பற்றி உரையாடுவர். அவ்வாறு உருவான 'ஜேன் அயர்', 'வதரிங் ஹைட்ஸ்' ஆகிய நாவல்கள் 1847இல் வெளிவந்தன. 1928 முதல் அம்மனை நூதனசாலையாக விளங்குகிறது.

2020 மார்ச்சிலே, கொரோனாத் தொற்றின் காரணமாக, இங்கிலாந்தின் நூதனசாலைகள் யாவும் மூடப்பட்டன. பெரிய தேசிய நூதனசாலைகளுக்கு அரசாங்க மானியம் உண்டு. இத்தகைய இல்லங்களுக்கோ வாசலிற் பெறும் கட்டணமே பெரும்பாலும் வாழ்வளிப்பது. வருவோர் இல்லை என்பதற்காகக் கூரை ஒழுகாமல் இருக்குமா? ஆளரவமற்ற இருள் அந்துப்பூச்சிக்கு உகந்ததன்றோ? ஆகவே, கதவு பூட்டியிருப்பினும் எவரேனும் உள்ளே சென்று ஈரப்பதத்தை அளத்தல் வேண்டும். பூச்சிப்பொறிகளைப் பார்த்தல் வேண்டும். ஒரு நன்மையும் உண்டு. யன்னல்களை மறைத்துவிட்டால், பழைய ஆடைகளின் சாயமும் கடிதங்களின் மையும் வெளிச்சத்தால் மங்காமல் தப்பும்.

வருமானத்தில் ஐந்து இலட்சம் பவுணுக்கு மேல் இழக்க நேரும் என அஞ்சிய ஹவோர்த் நிர்வாகத்தினர், பொதுமக்களிடம் ஓர் இலட்சம் பவுண் வேண்டி நின்றனர். 1965இல் மறைந்த கவிஞர் டி. எஸ். எலியட்டின் நூலுரிமையைப் பேணுவோர் 20,000 பவுண் வழங்கினர். பூனைகளைப் பற்றி எலியட் எழுதிய வேடிக்கைச் செய்யுள்கள் 'கற்ஸ்' என்னும் இசைநாடகமாகிப் பெரும்பொருள் ஈட்டியிருந்தன. ஒரு கவிஞரின் பூனைகள் மூன்று சகோதரியரின் வீட்டுக்குத் துணைநின்றன!

அம்ஸ்டர்டாமிலுள்ள ஆன் பிராங்க் இல்லம் வேறொரு வழியை நாடியது. ஒளிந்து வாழ்ந்த அச்சிறுமியின் கையிலே நாட்குறிப்புக்குப் பதிலாகப் படக்கருவி இருந்திருந்தால் எவ்வாறிருக்கும் என்னும் கற்பனையில் அமைந்த படத்தொடரை, அதே மார்ச் இறுதியில் இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. தத்தம் வீடுகளில் அடைபட்டிருந்த இளைஞர் அதனைக் கண்டனர்.

எனினும், எட்டுப் பேர் ஒளிந்திருந்த இடத்தின் ஒடுக்கத்தைத் திரை முழுதும் உணர்த்தாது. ஹவோர்த் மேசையைப் படத்திற் காணலாம். அம்மேசை நிற்கும் அறையிலே அடியெடுத்து வைத்தல் படத்தாற் கூடாது. இடையிலே திறந்தும் மீண்டும் மூடியும் இருந்த இங்கிலாந்தின் நூதனசாலைகளுக்கு 2021 மே 17ஆம் திகதி முதல் மறுபடியும் அனுமதி கிடைத்தது. அன்று வந்தோரை வரவேற்க அவ்வில்லங்கள் பழுதின்றி நின்றமைக்குக் காரணம், எவரும் காணாத நாட்களிலும் அவற்றைக் கண்காணித்தோரின் உழைப்பேயாகும்.