381 நாள் நடந்த சபை



வழிபாட்டுத் தலம் கும்பிட மட்டும்தானா? அநீதி நடக்கும்போது அங்கே கூடுவோருக்கு வேறு கடமையும் உண்டா? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் மான்ட்கமரி நகரம் 1955-லேயே பதில் சொல்லிவிட்டது.

அலபாமா மாநிலத்தின் அந்நகரில் பேருந்தின் முன்வரிசை வெள்ளையருக்கு, பின்வரிசை கறுப்பினத்தவருக்கு. நடுவில் அமர்ந்தாலும் வெள்ளையர் வந்தால் எழ வேண்டும். டிசம்பர் 1-ஆம் நாள் ரோசா பார்க்ஸ் என்ற தையல் தொழிலாளி எழ மறுத்தார்; கைதானார். அன்றிரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளைத் தயாரித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர்கள் அறிவித்தார்கள்: நாளை யாரும் பேருந்தில் ஏற வேண்டாம்!

திங்களன்று கறுப்பினத்தவர் ஏறக்குறைய யாருமே இல்லாமல் பேருந்துகள் ஓடின. ஆனால் தங்கள் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று தயங்கிய போதகர்களும் இருந்தார்கள். அவர்களை இ.டி. நிக்சன் என்ற தொழிற்சங்கவாதி கடிந்துகொண்டார். அன்று மாலை ஹோல்ட் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். போராட்டம் தொடரும் என்று கூட்டம் முடிவெடுத்தது.

கைதட்டிவிட்டுக் கலைவது சுலபம். மறுநாள் வேலைக்கு எப்படிப் போவது? கார் வைத்திருந்தவர்கள் இல்லாதவர்களை ஏற்றிச் சென்றனர். கூட்டங்களில் சேர்ந்த காணிக்கை பெட்ரோலுக்குப் போனது. தேவாலயங்களின் பெயரிலேயே வண்டிகள் வாங்கப்பட்டன. வெள்ளையர் வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்த பெண்கள் பலர் மைல் கணக்கில் நடந்தே போனார்கள்.

1956 ஜனவரி 30-இல் கிங் வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும்! இருவரும் உயிர் தப்பினர். ஆத்திரத்தோடு திரண்டவர்களை அவர் அமைதியாக வீடு திரும்பச் சொன்னார். கறுப்பினச் சபையின் வெள்ளையப் போதகர் ராபர்ட் கிரேட்ஸ் வீடும் தாக்குதலுக்குத் தப்பவில்லை.

நான்கு பெண்களின் வழக்கில், பேருந்து இனப்பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பை நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 381 நாள் புறக்கணிப்பு டிசம்பர் 20-இல் முடிந்தது. மறுநாள் அம்மக்கள் விரும்பிய இருக்கையில் அமர்ந்தார்கள்.

1957 ஜனவரியில் நான்கு தேவாலயங்கள் குண்டுவீச்சுக்கு ஆளாயின. எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்பது எதிரிகளுக்கும் தெரிந்திருந்தது. சுவர்கள் இடிந்தன, தீர்ப்பு நிலைத்தது.

கும்பிடக் கூடிய கைகள்தாம் அங்கே காணிக்கை தந்தன, வண்டி ஓட்டின. கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவதோடு பக்தி முடிந்துவிடுகிறதா என்பதை அவையோரே சொல்லட்டும்.