குப்பைக் கூடையிலிருந்து நூலகத்துக்கு

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)

 

நூலகம் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். என் தலைப்பைச் சொன்னதும், "வீடியோ கேம் பத்திரிகையா? அதையெல்லாம் நூலகத்துல வைப்பாங்களா சார்?" என்றார். வைக்கிறாங்க. ஏன் வைக்கிறார்கள் என்பதுதான் என் பேச்சு.

1981-ல் அமெரிக்காவில் 'எலக்ட்ரானிக் கேம்ஸ்' என்ற இதழ் தொடங்கியது. அதே ஆண்டு இங்கிலாந்தில் 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்' வந்தது. 1988-ல் 'நிண்டெண்டோ பவர்' வந்தது. வாங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். படத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார்கள். அடுத்த இதழ் வந்ததும் பழையது குப்பைக்குப் போனது. பெரிய நூலகங்கள் பலவும் இதைச் சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று விட்டுவிட்டன.

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டு நான்கு கோடிப் பிரதிகள் விற்றது. ஜப்பானில் 1985 செப்டம்பர் 13 அன்று வெளிவந்தது என்பதில் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் எப்போது வந்தது? 1985 அக்டோபர் என்பார் சிலர். 1986 என்பார் சிலர். ஃபிராங்க் சிஃபால்டி என்ற ஆய்வாளர் 2012-ல் துருவித் துருவித் தேடிவிட்டு, இதை உறுதியாக நிரூபிக்க முடியவில்லை என்றே எழுதினார். விற்பனைக்கு வந்து முப்பது வருஷம்கூட ஆகாத பொருளுக்கே இந்த நிலைமை! இந்த மாதிரி வழக்கில் சாட்சி யார்? அந்தந்த மாதமே அச்சான பத்திரிகைதான்.

1983-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. பத்திரிகைகளும் ஒவ்வொன்றாக மூடின. அந்த இருண்ட காலத்திலும் 'கம்ப்யூட்டர் எண்டர்டெய்னர்' என்ற சிறு இதழை இரண்டு சகோதரிகள் விடாமல் 1990 வரை நடத்தினார்கள். இன்று அந்த ஆண்டுகளின் வரலாற்றை எழுதுபவர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

விளையாட்டுகளாவது கிடைக்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றில் நூற்றுக்கு 87 இப்போது விற்பனையில் இல்லை என்று 2023-ல் ஓர் ஆய்வு காட்டியது. விளையாட்டும் போய், அதைப் பற்றி எழுதிய தாளும் போனால் மிச்சம் என்ன இருக்கும்?

அந்தச் சிஃபால்டி தொடங்கியதுதான் கலிஃபோர்னியாவில் உள்ள 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்'. 2017 முதல் இயங்குகிறது. 2025 ஜனவரி 30 அன்று தன் மின் நூலகத்தைத் திறந்தது. 1,500-க்கும் மேற்பட்ட பழைய இதழ்களை வீட்டிலிருந்தே, சொல் சொல்லாகத் தேடிப் படிக்கலாம்.

வேலை லேசுப்பட்டதல்ல. மட்டமான தாளில் அமிலம் இருக்கும். மஞ்சளாகி, தொட்டால் நொறுங்கும். வழவழப்புத் தாளுக்கு எதிரி ஈரம். ஒருமுறை நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிடும். பின் துருப்பிடித்துக் கறை விடும். ஸ்கேன் செய்யும்போது பசை போட்ட முதுகு விரியாது. முதுகை வெட்டினால் படம் நன்றாக வரும், ஆனால் பிரதி போய்விடும். எனவே இரண்டு பிரதி இருந்தால்தான் ஒன்றை வெட்டத் துணிவார்கள். விளம்பரத்தையும் விடக்கூடாது, விலை என்ன, எந்தக் கடையில் விற்றது என்பதெல்லாம் அதில்தானே இருக்கிறது!

சட்டச் சிக்கலும் உண்டு. பதிப்பகம் மூடிய பிறகு உரிமை யாரிடம் என்றே பல இதழ்களுக்குத் தெரியாது. விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை நூலகங்கள் தொலைவிலிருந்து ஆய்வாளர்களுக்குத் தர அனுமதி கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. ஆகவே பத்திரிகையின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

நமக்கும் இது புதிதல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் புத்தகங்களோடு நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் 1992-ல் மறைந்தார். அந்தச் சேகரிப்புதான் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய கம்ப்யூட்டர் பத்திரிகை, கல்லூரி ஆண்டு மலர், விழா மலர் இருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் தயவுசெய்து ஒரு வார்த்தை நம் நூலகரைக் கேளுங்கள். கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசையே பிறகு தாளைக் கெடுக்கும். படுக்கை வசமாக, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். தம்பி தங்கைகளே, ஸ்கேன் செய்யும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எது பின்னால் உதவும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. தூக்கிப் போட்டதைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது.