அட்டையும் மருத்துவமனையும்

(ஹைதராபாத்தில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஹைதராபாத்தின் மேற்குப் புறத்தில், மாதாப்பூர், கச்சிபௌலி வட்டாரங்களில், அந்தி சாய்ந்த பின் பணிக்குச் செல்லும் இளைஞர்கள் ஏராளம். அவர்களில் ஒரு பகுதியினர் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக உழைக்கிறார்கள். அங்கே ஒருவருக்குக் குடல்வால் அகற்றப்பட்டிருக்கும். அந்த நோயாளியின் கோப்பைப் படித்து, நோய்க்கு ஓர் எண், சிகிச்சைக்கு ஓர் எண் எனக் குறியிடுவது ஒருவருடைய வேலை. அந்த எண்களைக் கொண்டு பில் தயாரித்துக் காப்பீட்டு நிறுவனத்திற்கு அனுப்புவது மற்றொருவருடைய வேலை. பணம் மறுக்கப்பட்டால் தொலைபேசியில் அழைத்து வாதாடுவது மூன்றாமவருடைய வேலை. காப்பீட்டு நிறுவனத்தின் தரப்பில் அந்தக் கோரிக்கையை ஆராயும் அலுவலகமும் இதே நகரில் சில தெருக்கள் தள்ளி இருக்கக்கூடும். சென்னையிலும் இத்தொழில் பெரிய அளவில் நடக்கிறது. ஒரு குடல்வாலுக்காக இரு கண்டங்களில் இத்தனை பேர் கணக்கு எழுத வேண்டியிருக்கிறது என்றால், அந்தச் செலவு முழுவதும் யாருடைய தலையில் விடிகிறது?

அமெரிக்கா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 17 சதவீதத்திற்கு மேல் மருத்துவத்திற்காகச் செலவிடுகிறது. உலகில் வேறெந்தப் பெரிய நாடும் இவ்வளவு செலவிடுவதில்லை. முதியோருக்கும் ஏழைகளுக்குமான அரசுக் காப்பீடுகள் 1965-இலேயே வந்துவிட்டன. 2010-இல் மற்றொரு பெரிய சட்டமும் வந்தது. அதன் பிறகும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் எந்தக் காப்பீடும் இன்றி இருக்கிறார்கள். காப்பீடு உள்ளவர்களும் நிம்மதியாக இல்லை. 2019 ஜூலையில் நீரிழிவு நோயாளிகள் பேருந்தில் ஏறி எல்லை கடந்து, கனடாவின் வின்ட்சர் நகருக்கு இன்சுலின் வாங்கச் சென்றார்கள். செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் உடன் சென்றதால் அது செய்தியாயிற்று. அவர் இல்லாமல் போய்வந்தவர்கள் எத்தனையோ பேர். இன்சுலினைக் கண்டுபிடித்த கனடிய அறிஞர்கள் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொரண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தவர்கள் என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இவற்றை ஹைதராபாத்தில் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க மருத்துவ முறையின் அடிப்படைக் கருத்து மருத்துவமனையை அரசு நடத்தத் தேவையில்லை, நோயாளிக்கு ஓர் அட்டையைக் கொடுத்தால் போதும் என்பதாகும். இந்தியாவில் அந்தக் கருத்து மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்ட இடம் இந்த நகரம்தான்.

2007 ஏப்ரல் 1 அன்று, ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் மகபூப்நகர், அனந்தபூர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் ஆரோக்கியஸ்ரீ திட்டம் தொடங்கப்பட்டது. மூன்றும் வேலை தேடி ஊரைவிட்டுப் போவதற்குப் பெயர்பெற்ற மாவட்டங்கள். இதய அறுவைக்கும் புற்றுநோய்க்கும் முதலமைச்சர் நிவாரண நிதி கேட்டு மனுக்கள் குவிந்துகொண்டிருந்த காலம் அது. விவசாயிகளின் தற்கொலைகளுக்குப் பின்னால் இருந்த கடன்களில் மருத்துவக் கடனும் ஒன்று. வெள்ளை ரேஷன் அட்டை வைத்திருந்த குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலும், தேவைப்பட்டால் மேலும் 50,000 ரூபாயும் என்று வரம்பு விதிக்கப்பட்டது. படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும், தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகளுக்கும் திட்டம் விரிந்தது. தெலங்கானாவில் இந்த வரம்பு 2023 டிசம்பரில் பத்து லட்சமாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2009-இல் வந்த காப்பீட்டுத் திட்டமும், மத்திய அரசு 2018-இல் கொண்டுவந்த ஆயுஷ்மான் பாரத்தும் இதே தடத்தில் வந்தவையே.

இத்திட்டத்தால் ஏழைகளுக்கு ஒரு பயனும் இல்லை என்று எந்தத் தோழரும் எந்த மேடையிலும் பேசக்கூடாது. அது உண்மையல்ல, மக்கள் அதை ஏற்கவும் மாட்டார்கள். இதயத்தில் துளையோடு பிறந்த குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு கடவுளை வேண்டுவதைத் தவிர வழியற்றிருந்த பெற்றோர், அந்தக் குழந்தையை அறுவைக்குப் பின் நடத்திக் கூட்டிச் சென்றிருக்கிறார்கள். வாரத்திற்கு இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு உயிர் வாழ்பவர்களுக்கு அந்த அட்டைதான் மூச்சு. குறை சொல்வதற்கு முன் இதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. பாலாநகரில் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். நாற்பது வயதில் அவருக்குச் சர்க்கரை நோய் வருகிறது. மாதந்தோறும் மருத்துவருக்குக் கட்டணம், பரிசோதனைக்குக் கட்டணம், மருந்துக் கடையில் ஒரு தொகை. இவற்றில் எதற்கும் அட்டை உதவாது. அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துச் செய்யும் பெரிய சிகிச்சைகளுக்கானது. கூலி குறைந்த மாதத்தில் மாத்திரை நிறுத்தப்படும். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்திலும் நிறுத்தப்படும். பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் சிறுநீரகம் பழுதாகிறது. அப்போதுதான் அட்டை உயிர்பெறுகிறது. மாதம் சில நூறு ரூபாய் மாத்திரையைத் தர இயலாத ஏற்பாடு, டயாலிசிஸ் செய்யும் தனியார் மருத்துவமனைக்கு ஆண்டு முழுவதும் பணம் தருகிறது. தொழிலாளி வேலையை இழந்துவிடுகிறார். மருத்துவமனைக்கு நிரந்தர வருமானம் கிடைக்கிறது. இதில் மோசடி எதுவும் நடக்கவில்லை, தோழர்களே. விதிகளின்படியே எல்லாம் நடந்திருக்கிறது.

மோசடியும் உண்டு என்பது வேறு விஷயம். பணம் அறுவைக்கு மட்டுமே கிடைக்கும் என்றால் அறுவைகள் பெருகும். இளம் வயதுக் கிராமப்புறப் பெண்களின் கருப்பை தேவையின்றி அகற்றப்படுவதாக ஆந்திரத்தில் மகளிர் அமைப்புகள் குரல் எழுப்பின. அதன் பின்னர் இத்திட்டத்தில் அந்த அறுவை அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட வேண்டியதாயிற்று. அந்தப் பெண்களில் பலர் வயல் வேலைக்குச் செல்பவர்கள். முதுகு வலிக்கும் வெள்ளைப்படுதலுக்கும் மருந்து கேட்டு வந்தவர்கள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த இதே அநியாயம் உச்சநீதிமன்றம் வரை சென்று, 2023 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. ஆயுஷ்மான் பாரத்தைப் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை, ஒரே கைபேசி எண்ணில் ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததைக் காட்டியது. ஏழைக்கு ஒரு சான்றிதழ் குறைந்தால் திருப்பி அனுப்பும் நாடு இது!

அட்டை இருந்தும் வாசலில் நிற்க நேரும் நாட்களும் உண்டு. அரசு நிலுவையைத் தரவில்லை என்று தெலங்கானாவின் தனியார் மருத்துவமனைகள் 2019 ஆகஸ்டில் ஆரோக்கியஸ்ரீ சேவையை நிறுத்தின. 2025 ஜனவரியிலும், மீண்டும் செப்டம்பரிலும் நிறுத்தின. நிலுவை வைத்தது அரசின் குற்றமே. ஆயினும் பேச்சுவார்த்தை மேசையில் பேரம் பேசப் பயன்பட்ட பொருள் நோயாளிகளின் உடல்தான். அரசு தன் மருத்துவமனைகளை வலுவாக வைத்திருந்தால் இந்தப் பேரமே நடந்திருக்காது.

அந்த மருத்துவமனைகள் எந்த நிலையில் இருக்கின்றன? 1908 செப்டம்பரில் மூசி நதி பெருக்கெடுத்து நகரை அழித்த பின்னர், அதன் கரையில் அப்சல்கஞ்ச்சில் எழுப்பப்பட்டது உஸ்மானியா மருத்துவமனை. மன்னராட்சிக் காலத்தில் கட்டப்பட்ட அந்தக் குவிமாடக் கட்டடத்தில் பல தலைமுறை ஏழைகள் சிகிச்சை பெற்றார்கள். 2020 ஜூலையில் பெய்த மழையில் வார்டுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நோயாளிகளின் கட்டில்களுக்கடியில் கழிவுநீர் ஓடியதை நாடே பார்த்தது. பழைய கட்டடம் காலி செய்யப்பட்டது. புதிய கட்டடத்திற்குக் கோஷாமகாலில் அடிக்கல் நாட்டப்பட்டதோ 2025 ஜனவரியில்தான். இடையில் கழிந்தவை நான்கரை ஆண்டுகள். அதே காலத்தில் நகரின் மேற்கே கார்ப்பரேட் மருத்துவமனைகள் மாடி மேல் மாடியாக உயர்ந்தன. பங்குச் சந்தையில் நுழைந்தவை உண்டு. பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 2023-இல் ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. நியூயார்க்கில் இருப்பவர் பஞ்சாராஹில்ஸில் உள்ள கட்டிலில் இத்தனை பணம் போடுவது எதை எதிர்பார்த்து என்று விளக்க வேண்டியதில்லை.

கொரோனா காலம் எல்லாவற்றையும் வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. 2020 ஜூனில் தெலங்கானா அரசு தனியார் மருத்துவமனைகளுக்கு உச்சவரம்பு நிர்ணயித்தது. சாதாரண வார்டுக்கு நாளொன்றுக்கு 4,000 ரூபாய், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 7,500 ரூபாய், வென்டிலேட்டருடன் 9,000 ரூபாய். அந்த ஆணை காகிதத்தில் இருந்தது. பில்கள் லட்சங்களில் வந்தன. புகார்கள் குவிந்து, ஆகஸ்டில் இரண்டு தனியார் மருத்துவமனைகளின் கொரோனா சிகிச்சை அனுமதியை அரசே ரத்து செய்தது. அந்த மாதங்களில் நகரத்தின் சுமையைத் தாங்கிய இடம் செகந்திராபாத்தின் காந்தி மருத்துவமனை. அங்கே ஊழியர் பற்றாக்குறை இருந்தது, நெரிசல் இருந்தது, மருத்துவர்கள் மீதான தாக்குதலும் நடந்தது. நோயாளியின் படுக்கையருகே பில் மட்டும் வரவில்லை.

தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்கெடுப்பு இந்த வேறுபாட்டை எண்ணில் தருகிறது. மகப்பேறு நீங்கலாக, மருத்துவமனையில் ஒருமுறை சேர்ந்தால் ஆகும் சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். தனியாரில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு.

மருந்தின் கதையைச் சொல்லாமல் ஹைதராபாத்தைப் பற்றிய பேச்சு நிறைவுறாது. அந்த லேத் பட்டறைத் தொழிலாளி வசிக்கும் பாலாநகரில்தான் பொதுத்துறையின் ஐ.டி.பி.எல். ஆலை சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு எழுந்தது. 1961-இல் தோன்றிய அந்த நிறுவனத்தின் அறுவைக் கருவிகள் ஆலை சென்னையில் இருந்ததைப் பழைய தோழர்கள் அறிவார்கள். 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே என்றது. பொதுத்துறை ஆலையும் அந்தச் சட்டமும் சேர்ந்துதான் ஹைதராபாத்தை மருந்து நகரமாக்கின. டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி ஐ.டி.பி.எல்.லில் வேலை பார்த்தவர். தனியார் துறையின் சாதனை என்று இன்று மார்தட்டப்படுவதற்குப் பின்னே பொதுமக்கள் பணத்தில் பயிற்சி பெற்ற ஒரு தலைமுறை வேதியியலாளர்கள் இருக்கிறார்கள். பயிற்சி தந்த ஆலையோ 1992-இல் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டு, பிறகு மூடப்பட்டது. உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தில் 2005-இல் பொருள் காப்புரிமையும் திரும்பி வந்தது. மருந்துக்குத் தேவையில்லாத மறுகாப்புரிமையைத் தடுக்கும் 3(டி) பிரிவு அந்தத் திருத்தத்தில் இடம்பெற்றது நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் வலுவோடு இருந்ததால்தான்.

அந்தச் சட்டத்தில் எஞ்சியிருந்த பற்களின் வலிமை 2012 மார்ச் 9 அன்று தெரிந்தது. சிறுநீரக, ஈரல் புற்றுநோய்க்கான பேயர் நிறுவனத்தின் மருந்து ஒரு மாதத்திற்கு 2,80,428 ரூபாய். அதே மருந்தை 8,800 ரூபாய்க்குத் தரக் கட்டாய உரிமம் பெற்றது ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம். அந்த மருந்து இந்தியர்களுக்காக உருவாக்கப்பட்டதல்ல, வாங்கும் வசதியுள்ள மேலைநாட்டவருக்காக உருவாக்கப்பட்டது என்று பேயரின் தலைவர் பின்னர் வெளிப்படையாகவே கூறினார். நாட்கோ தரும சத்திரம் அல்ல. லாபத்திற்காக இயங்கும் நிறுவனமே. ஆனால் விலையை முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தது எந்த அட்டையும் அல்ல. ஒரு சட்டப்பிரிவும், அதைப் பயன்படுத்தத் துணிந்த ஓர் அதிகாரியின் கையெழுத்தும். 2012-க்குப் பிறகு இந்தியாவில் இரண்டாவது கட்டாய உரிமம் வழங்கப்படவில்லை. அமெரிக்க வர்த்தக அலுவலகம் ஆண்டுதோறும் இந்தியாவைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்து மிரட்டுவதும், தில்லி அதற்குப் பணிவதும் தொடர்கின்றன.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பிவருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை இலவசமாகக் கிடைப்பது அதனால்தான். அங்கேயும் ஒப்பந்த ஊழியர், காலிப் பணியிடம், காப்பீட்டுக்குப் போகும் பணம் என்று போராட வேண்டியவை பல. ஆனாலும் அந்த மாத்திரைப் பட்டை பாலாநகர்த் தொழிலாளிக்கு நாற்பது வயதில் கிடைத்திருந்தால், ஐம்பது வயதில் அவர் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

கிளைகள் உடனே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஆரோக்கியஸ்ரீயில் சிகிச்சை பெற்ற குடும்பங்களை வீடு வீடாகச் சந்தித்து, அட்டை இருந்தும் கையிலிருந்து எவ்வளவு பணம் போனது, எந்தப் பரிசோதனைக்கு, எந்த மருந்துக்கு, வீடு திரும்பிய பின் எவ்வளவு என்று எழுதிக்கொள்ள வேண்டும். ரசீது இருந்தால் நகலெடுக்க வேண்டும். ரசீது தரப்படவில்லை என்றால் அதையும் குறிக்க வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உயரமான கட்டடங்களைக் கட்டும் தொழிலாளர்களின் கூடாரங்களை விட்டுவிடக் கூடாது. உள்ளூர் ரேஷன் அட்டை இல்லாதவர்களில் பெரும்பகுதியினர் அங்கேதான் இருக்கிறார்கள். இரவில் அமெரிக்க பில்களுக்கு எண் இடும் இளைஞர்களையும் சந்திக்க வேண்டும். ஒரு நோயாளியின் கோரிக்கை எந்தெந்தக் காரணம் சொல்லி மறுக்கப்படும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்தக் கணக்குகளோடுதான் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்குச் செல்ல வேண்டும்.